உயரம் கண்ணுக்குத் தெரியும் மேசை: 1940 வான்போர் விளையாட்டு ஒன்றைக் கட்டிய பதிவு

வான்போர்ப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். அவற்றில் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. திரையில் வேகம் தெரியும், சத்தம் தெரியும், தீப்பிடிப்பது தெரியும்; உயரம் தெரியாது. ஒரு விமானம் இன்னொன்றைவிட 500 மீட்டர் மேலே இருக்கிறதா, இரண்டும் ஒரே மட்டத்தில் பறக்கின்றனவா என்று பார்வையாளருக்குப் புரியவே புரியாது. ஆனால் 1940-ல் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே பறந்த விமானிகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம். பிரிட்டிஷ் விமானப்படையின் 74-ஆம் ஸ்குவாட்ரனில் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் ஓட்டிய தென்னாப்பிரிக்கர் 'செய்லர்' மாலன், சண்டை விமானிகளுக்காக எழுதிய பத்து விதிகளில் ஒன்றே இதுதான்: உயரத்தில் இருப்பவன் கையில்தான் முன்முயற்சி.

அதனால் ஒரு மேசை விளையாட்டுத் தொகுப்பை நானே செய்ய உட்கார்ந்தபோது, முதலில் முடிவு செய்தது இதைத்தான். உயரம் அட்டையில் எழுதிய எண்ணாக இருக்கக் கூடாது. அறைக்குள் நுழைகிற ஒருவர், விதி எதுவும் தெரியாமலே, யார் மேலே, யார் கீழே, யாருக்கு ஆபத்து என்று மேசையைப் பார்த்ததும் சொல்லிவிட வேண்டும். அறுகோணக் கட்டம் போட்ட பல வான்போர் விளையாட்டுகளில் விதிகள் அருமையாக இருக்கும், ஆனால் உயரம் ஒரு சிறு சில்லில் எழுதிய எண்ணாக ஓரமாகக் கிடக்கும். இரண்டு விமானங்கள் ஒரே கட்டத்தில் மோதிக்கொண்டு நிற்பது போலத் தெரியும்; எண்ணைப் படித்தால் இடையில் ஒரு கிலோமீட்டர் இருக்கும். அந்த எண் எனக்கு ஒருபோதும் உயரமாக உணர்வில் ஏறியதில்லை.

களமாக 1940 ஜூலை மாதக் கால்வாய்ச் சண்டைகளை எடுத்தேன். ஜெர்மன் விமானப்படைக்கு எதிரான பிரிட்டன் வான்போரின் தொடக்க நாளாகப் பிரிட்டிஷ் தரப்பு குறிக்கும் ஜூலை 10 அன்று, ஒரு சரக்குக் கப்பல் அணிக்கு மேலேதான் பெரிய மோதல் நடந்தது. அந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். ஒன்று, சண்டை விமானத்துக்கும் சண்டை விமானத்துக்கும் நடந்த சிறு மோதல்கள் அதில் நிறைய உண்டு. சின்ன மேசைக்குப் பொருந்தும். இரண்டாவது, கீழே கடல். கடலின் நன்மையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அளவுகோல்

எல்லாம் இங்கேதான் நிற்கும், அதனால் நிறைய நேரம் இதிலேயே செலவிட்டேன். ஓர் அறுகோணம் 100 மீட்டர். மேசையில் அது 5 செ.மீ. ஒரு சுற்று 4 விநாடி. அப்படியானால் ஒரு சுற்றில் ஒரு கட்டம் நகர்வது விநாடிக்கு 25 மீட்டர் வேகம். 3,000 மீட்டர் உயரத்தில் ஸ்பிட்ஃபயர் முதல் வகையும் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இ வகையும் மட்டப் பறப்பில் ஏறக்குறைய ஒரே உச்ச வேகம் கொண்டவை. என் கணக்கில் அது 6 கட்டம். இரண்டுக்கும் கீழ் எல்லை 2.

உயரத்துக்கு ஒரு படி 100 மீட்டர், மேசையில் 3 செ.மீ. கிடைமட்ட அளவும் செங்குத்து அளவும் ஒன்றாக இருந்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் படிக்கு 5 செ.மீ. வைத்தால் 12 படிக்கு 60 செ.மீ. தண்டு வேண்டும், அது நிற்காது. 3 செ.மீ. போதும்; கண் அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதில்லை. மேசை மட்டம் தரை அல்ல என்பதையும் அப்போதே தீர்மானித்தேன். படி 0 என்பது 3,000 மீட்டர். அதற்குக் கீழே போகிறவர் சண்டையை விட்டுப் போய்விட்டார் என்று கொள்ளலாம்.

தாங்கிகள்

இந்தத் திட்டத்தின் உயிர் இதில்தான். நிலையான உயரமுள்ள கம்பிகளை அடுக்கி அடுக்கி உயரத்தை மாற்றும் முறை உண்டு. சுற்றுக்குச் சுற்று உயரம் மாறும் விளையாட்டில் அது கையைக் கட்டிப் போட்டுவிடும். நான் எடுத்தது பழைய ரேடியோக்களில் இருக்கும் இழுத்து நீட்டும் ஆண்டெனா. முழுக்க மடக்கினால் சுமார் 10 செ.மீ., நீட்டினால் 50-க்கு மேல் போகும் வகை வேண்டும். அடியில் திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வளைந்து மடங்கும் மூட்டு உள்ள வகை இதற்கு ஆகாது, எடை ஏறினால் சாய்ந்துவிடும்.

அடித்தளம் 3 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டிய அறுகோணம், குறுக்களவு 4.5 செ.மீ. நடுவில் துளையிட்டு, கீழிருந்து திருகை ஏற்றி ஆண்டெனாவை இறுக்கினேன். திருகின் தலை வெளியே துருத்தாமல் இருக்கத் துளையின் கீழ் விளிம்பைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். அதன் மேல் பெரிய இரும்பு வாஷர்களை எபாக்ஸி போட்டு ஒட்டினேன். எடை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. ஆண்டெனாவை முழுக்க நீட்டி, விமானத்தையும் வைத்து, மேசை விளிம்பை லேசாகத் தூக்கிப் பாருங்கள். சாய்ந்தாலும் திரும்ப நிமிர வேண்டும். அது வரை வாஷர் சேர்த்துக்கொண்டே போகலாம்.

உச்சியில் 5 மி.மீ. பேரிங் குண்டு. ஆண்டெனாவின் நுனித் தொப்பியை அரத்தால் தட்டையாக்கி, நடுவில் சிறு குழி போட்டு, குண்டை எபாக்ஸியால் உட்கார வைத்தேன். இதற்குச் சூப்பர் க்ளூ வேண்டாம். பக்கவாட்டு விசை வந்தால் பட்டென்று விட்டுவிடும். விமானத்தின் வயிற்றில், இறக்கைக்குச் சற்று முன்னால், 5 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் காந்தம். குண்டும் காந்தமும் சேர்ந்தால் கிடைக்கும் பலன் பெரிது. விமானத்தைச் சாய்க்கலாம், மூக்கைத் தாழ்த்தலாம், தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். வளைந்து திரும்பும் விமானம் இறக்கையைச் சாய்த்து நிற்பதும், பாயும் விமானம் மூக்கைக் கவிழ்த்து நிற்பதும் மேசையில் அப்படியே தெரிகிறது. முந்தைய சுற்றில் யார் என்ன செய்தார் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை.

உயரத்தைக் குறிக்க ஆண்டெனாவின் மேலேயே கோடு போடலாமா என்று தோன்றும். அது வேலைக்கு ஆகாது, ஏனென்றால் இழுக்கும்போது எந்தக் குழல் முதலில் வெளியே வரும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பதில் ஓர் அளவுக் குச்சி செய்தேன். 50 செ.மீ. மரச்சட்டம், 10 செ.மீ.-ல் படி 0, அதிலிருந்து ஒவ்வொரு 3 செ.மீ.-க்கும் ஒரு கோடும் எண்ணும், கீழே நிற்க ஒரு பாதம். தாங்கியின் பக்கத்தில் குச்சியை நிறுத்தி, காந்தம் தொடும் புள்ளி கோட்டுக்கு வரும் வரை இழுத்தால் முடிந்தது. நாலைந்து சுற்று ஆடியதும் கை பழகிவிடும், குச்சி சந்தேகத்துக்கு மட்டும்.

ஆண்டெனா பயன்படுத்தப் பயன்படுத்தத் தளரும். விமானத்தின் எடையிலேயே மெல்ல இறங்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு குழலின் வாயையும் மூக்குக் குறடால் மிக லேசாக, சுற்றிலும் மூன்று இடத்தில் அழுத்தினால் பிடி திரும்பிவிடும். அழுத்தம் கூடினால் குழல் நசுங்கி உள்ளே போகாது, அதனால் அழுத்தி அழுத்தி இழுத்துப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

விமானங்களும் திரைப்படம் காட்டும் மூக்கும்

1/200 அளவு எடுத்தேன், முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் மாதிரிகள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11.2 மீட்டர், இந்த அளவில் 5.6 செ.மீ.; 109-இன் இறக்கை 9.9 மீட்டர், அதாவது 5 செ.மீ.-க்கு ஒரு நூல் குறைவு. கட்டத்தின் அளவுக்கு இது பெரிதுதான். ஒரே தளத்தில் நிற்கும் சில்லுகளாக இருந்தால் இறக்கைகள் இடித்துக்கொள்ளும். உயரம் நிஜமாகவே வேறுபடுவதால் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று அழகாகக் கடந்து போகின்றன.

வண்ணம் தீட்டும்போது போர்ப்பட ரசிகர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1969-ல் வந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தில் பறக்கும் ஜெர்மன் சண்டை விமானங்கள் அசல் 109-இ அல்ல. ஸ்பெயினில் உரிமம் பெற்றுக் கட்டிய புச்சோன் விமானங்கள், அதுவும் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் பொருத்தியவை. இ வகை போலத் தெரிய வேண்டும் என்று படக்குழு இறக்கை நுனிகளைச் சதுரமாக வெட்டியது, வாலுக்குப் பொய்த் தாங்குகோல்களும் வைத்தது. ஆனால் எஞ்சினை மறைக்க முடியவில்லை. அசல் 109-இன் டைம்லர் பென்ஸ் 601 எஞ்சின் தலைகீழாகப் பொருத்தியது, அதனால் புகைக்குழாய் வரிசை மூக்கின் கீழ்ப்பகுதியில் இருக்கும். மெர்லின் நிமிர்ந்த எஞ்சின், அதன் குழாய்கள் மேலே இருக்கும். படத்தைப் பார்த்துக் கறுப்புக் கோட்டை இழுத்தால் தவறான இடத்தில்தான் இழுப்போம். ஒரு மில்லிமீட்டர் வேலைதான் என்றாலும், 109-இன் முகமே அங்கேதான் இருக்கிறது. இதை மீறியும் அந்தப் படத்தின் மேல் எனக்குள்ள பிரியம் குறையவில்லை. அத்தனை நிஜ விமானங்களை ஒரே சட்டகத்துக்குள் பறக்க விட்டுப் படமெடுத்த உழைப்பை இன்று யாரும் செய்யப் போவதில்லை.

இன்னொன்று, மஞ்சள் மூக்கு. எல்லா ஓவியங்களிலும் 109-க்கு மஞ்சள் மூக்கு இருக்கும். அது ஆகஸ்டு பிற்பகுதியில்தான் பரவலாக வந்தது, எனவே ஜூலைச் சண்டைக்கு வேண்டாம். பக்கங்களில் வெளிர் நீலம் உயரமாக ஏறி, மேலே இரண்டு பச்சை கலந்த சாம்பல். ஸ்பிட்ஃபயருக்கு மேலே மண் நிறமும் கரும்பச்சையும், அடியில் 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை. இவ்வளவு சிறிய மாதிரியில் அசல் வண்ணத்தை அப்படியே பூசினால் கறுத்துத் தெரியும். எல்லாவற்றிலும் கொஞ்சம் வெள்ளை கலந்தேன். சுழலிக்கு இதழ்கள் வைக்கவில்லை, கண்ணாடித் தாளில் வெட்டிய வட்டம் ஒட்டினேன். பறக்கிற விமானத்துக்கு அதுதான் சரி.

கடலும் மேகமும்

1927-ல் வந்த 'விங்ஸ்' படத்தை எடுத்த வில்லியம் வெல்மன், முதல் உலகப் போரில் தானே சண்டை விமானம் ஓட்டியவர். வெறும் நீல வானத்தில் படமெடுக்க மாட்டேன் என்று மேகம் வருவதற்காக நாள்கணக்கில் காத்திருந்தார், செலவு ஏறிக்கொண்டே போனாலும். பின்னணியில் மேகம் இல்லையென்றால் விமானம் ஓரிடத்தில் தொங்குவது போலத்தான் தெரியும், அது வேகமாகப் போகிறதா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஒப்பிட எதுவும் இராது. என் மேசைக்கும் இதே விதிதான். தாங்கிகளை மட்டும் வெறும் பலகையில் நிறுத்திப் பார்த்தபோது, உயரம் இருந்தும் எடுபடவில்லை. பக்கத்தில் ஏதாவது நிலையாக இருந்தால்தான் உயரம் உயரமாகத் தெரிகிறது.

அதனால் மேகங்கள் செய்தேன். அடித்தளம், தடித்த கம்பி, மேலே பஞ்சு. தலையணைக்குள் அடைக்கும் செயற்கை இழைப் பஞ்சுதான் நல்லது, சாதாரணப் பஞ்சு ஈரக் காற்றில் சுருங்கிவிடும். அடிப்பகுதியைத் தட்டையாக இழுத்து, மெல்லிய சாம்பல் நிறத்தை ஸ்ப்ரேயில் லேசாகத் தூவினேன். ஒரு தொகுதி படி 4 முதல் 6 வரை, இன்னொன்று 8-ல். மேகத்துக்குள் போன விமானத்தைச் சுட முடியாது. இது விதி என்பதைவிட அளவுக்கோடு. மேகத்தின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு ஒரு 109 நிற்பதைப் பார்த்தால் அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று உடனே மனதில் பதிகிறது.

கீழே விரிப்பது நீலக் கம்பளித் துணி. பச்சை, சாம்பல், கருநீலம் மூன்றையும் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிக் கடலாக்கினேன். கட்டங்களை முழுக் கோடாக வரையவில்லை, அறுகோணத்தின் மூலைகளில் மட்டும் வெளிர்ப் புள்ளிகள். பிளாஸ்டிக் தாளில் அறுகோண அச்சு வெட்டி, வைத்து வைத்துப் புள்ளியிட்டால் போதும். இரண்டடி தள்ளி நின்றால் புள்ளிகள் மறைந்துவிடும், கடல் மட்டும் இருக்கும்.

கடலின் நன்மை இதுதான்: 120 செ.மீ. துணி என்பது வெறும் 2.4 கிலோமீட்டர். வேகம் 6-ல் போகும் விமானம் நாலே சுற்றில் விளிம்பைத் தாண்டிவிடும். நிலப்பரப்பு வரைந்திருந்தால் சிக்கல். கடலாக இருப்பதால் எல்லா விமானங்களையும் மேகங்களையும் ஒரே திசையில் பத்துக் கட்டம் பின்னுக்கு நகர்த்தினால் சண்டை தொடரும். கப்பல் அணியைக் காட்ட வெள்ளை நுரைத் தடம் வரைந்த அட்டைகளைத் தனியாக வைத்திருக்கிறேன், அவையும் கூடவே நகரும்.

விதிகள்: வேகமும் உயரமும் ஒரே பணம்

உயரத்தைச் செலவு செய்தால் வேகம் வரும், வேகத்தைச் செலவு செய்தால் உயரம் வரும். எவ்வளவுக்கு எவ்வளவு என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலே சொல்லிவிடுகிறது. விநாடிக்கு 75 மீட்டரிலிருந்து 100-க்கு ஏற, உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், சுமார் 220 மீட்டர் இறங்க வேண்டும். 100-லிருந்து 125-க்குச் சுமார் 290. 125-லிருந்து 150-க்குச் சுமார் 350. மேசைக்கு இதை மூன்று படிக்கு ஒரு வேகம் என்று சுருக்கினேன். எஞ்சின் சும்மா இருக்காது, ஆனால் அது தரும் ஏற்றம் குறைவு. விநாடிக்குச் சுமார் 13 மீட்டர் என்றால் 4 விநாடியில் 50 மீட்டர், அதாவது இரண்டு சுற்றுக்கு ஒரு படி. சண்டையின் நடுவில் எஞ்சினை நம்பி யாரும் உயரம் பிடிக்க முடியாது, கொண்டுவந்த உயரம்தான் கையிருப்பு என்பது இந்த ஒரு வரியிலேயே ஆட்டக்காரருக்குப் புரிந்துவிடுகிறது.

அடுத்தது திரும்பல். பிரிட்டிஷ் அரசின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையம் 1940-ல், பிடிபட்ட ஒரு 109-இ விமானத்தை வைத்துச் செய்த கணக்கில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் உயரம் இழக்காமல் சுற்றும் மிகச் சிறிய வட்டத்தின் ஆரம் ஸ்பிட்ஃபயருக்கு 212 மீட்டர், 109-க்கு 270 மீட்டர். ஒரு முழு வட்டத்துக்கு முன்னதற்கு 19 விநாடி, பின்னதற்கு 25. அறுகோணத்தில் ஒரு வட்டம் என்பது ஆறு திரும்பல். பிரித்துப் பார்த்தால் ஒரு திரும்பலுக்கு ஸ்பிட்ஃபயர் 2.2 கட்டமும் 109 2.8 கட்டமும் நகர வேண்டும். 109-க்கு 3 என்று வைத்தால் வேகம் 3-ல் முழு வட்டத்துக்கு 24 விநாடி வருகிறது, சரியாக இருக்கிறது. ஸ்பிட்ஃபயருக்கு வெறும் 2 என்றால் 16 விநாடி, தாராளம் அதிகம். எனவே தொடர்ந்து இரண்டு முறை 2-ல் திரும்பலாம், மூன்றாவதற்கு 3 என்று வைத்தேன். வட்டத்துக்கு 14 கட்டம், 19 விநாடிக்குக் கொஞ்சம் கீழே. எண்கள் இப்படி வந்து பொருந்தியபோது கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

ஆனால் அந்த எண்கள் குறைந்த வேகத்துக்கு உரியவை. விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் 212 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் உடம்பின் மேல் புவியீர்ப்பின் பத்து மடங்குக்கு மேல் விழும், எந்த விமானியும் நினைவோடு இருக்க மாட்டார். ஆறு மடங்குதான் எல்லை என்று வைத்தால் வேகம் 6-ல் ஒரு திரும்பலுக்கு 4 கட்டம், வேகம் 5-ல் 3 கட்டம். இது இரண்டு விமானங்களுக்கும் ஒன்றே, ஏனென்றால் எல்லை இறக்கையில் இல்லை, மனித உடம்பில் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் புகழ்பெற்ற திரும்பல் வேகம் 4-லும் அதற்குக் கீழேயும் மட்டும்தான் கைகொடுக்கும். வேகம் 4 அல்லது அதற்கு மேல் திரும்பும் ஒவ்வொரு முறையும் வேகத்தில் 1 குறையும். குறையக் கூடாது என்றால் மூன்று படி இறங்க வேண்டும்.

ஸ்பிட்ஃபயரிலுள்ள மெர்லின் எஞ்சினின் கார்புரேட்டர் பற்றியும் ஒரு விதி உண்டு. மூக்கைத் திடீரென்று கீழே அழுத்தினால் அதன் மிதவை அறையில் எரிபொருள் மேலே ஒதுங்கி எஞ்சின் தடுமாறும். 109-க்கு நேரடி எரிபொருள் செலுத்தும் முறை, அந்தத் தொல்லை இல்லை. அதனால் மட்டப் பறப்பிலிருந்து 109 உடனே இரண்டு படி குதித்து இறங்கலாம். பின்தொடரும் ஸ்பிட்ஃபயர் அப்படியே இறங்கினால் வேகத்தில் 1 போகும், அல்லது விமானத்தைக் கவிழ்த்துப் போட்டு இறங்க ஒரு கட்டம் செலவழிக்க வேண்டும். ஃபார்ன்பரோவின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் துளையிட்ட ஒரு சிறு தகட்டால் இதைப் பெருமளவு தணித்தது 1941-ல். 1941-க்கான ஆட்டம் வேண்டுமென்றால் இந்த விதியை எடுத்துவிட்டால் போதும்.

குண்டுகளின் கணக்கு எளிது. ஸ்பிட்ஃபயரின் எட்டு பிரௌனிங் துப்பாக்கிகளில் ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா, மொத்தம் 15 விநாடிச் சுடுதல். விசையை ஒருமுறை அழுத்திச் சுடுவது ஒரு சரம்; அதற்கு 2 விநாடி என்றால் ஏழு சரம். 109-இன் 20 மி.மீ. பீரங்கிகளில் தலா 60 குண்டு, சுமார் 7 விநாடி, ஆக மூன்றே சரம். ஆனால் பட்டால் சேதம் பெரிது. மூக்கிலுள்ள இயந்திரத் துப்பாக்கிகள் ஓர் ஆட்டத்தில் தீரவே தீராது, எண்ண வேண்டியதில்லை. எட்டுத் துப்பாக்கிகளும் எந்தத் தூரத்தில் ஒரு புள்ளியில் குவிய வேண்டும் என்பதை ஸ்பிட்ஃபயர் ஆட்டக்காரர் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம். அதிகாரபூர்வ முறை 400 கெஜம். அனுபவப்பட்ட விமானிகள் 250-க்குக் குறைத்துக்கொண்டார்கள். 250 எடுத்தால் இரண்டாம் கட்டத்தில் உருட்டும் பகடை கூடும், நான்காம் கட்டத்தில் ஒரே ஒரு பகடைதான். 250 கெஜத்தில் ஒரு 109 கையை நீட்டிப் பார்க்கும் கட்டைவிரல் அகலத்துக்குத்தான் தெரியும். திரைப்படம் அதை முழுத் திரைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது, அதனால்தான் சுடுவது சுலபம் என்று நமக்குத் தோன்றுகிறது.

மேசையில் நடந்தது

முதல் ஆட்டத்துக்கு என் அக்கா மகன் வந்தான். படங்கள் பார்ப்பான், வரலாறு படித்ததில்லை. அவனிடம் இரண்டு 109 கொடுத்து, படி 9-ல் வைத்தேன். என்னிடம் மூன்று ஸ்பிட்ஃபயர், படி 5-ல், அந்தக் காலப் பிரிட்டிஷ் வழக்கப்படி நெருக்கமான முக்கோண அணியில். பக்கத்து விமானங்கள் இரண்டும் முதல் சுற்று முழுக்கத் தலைவனை ஒட்டிப் பறப்பதிலேயே போய்விடும், வானத்தைத் தேட அவற்றுக்கு உரிமை இல்லை. ஜெர்மன்காரர்கள் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கற்ற இருவர் ஜோடிக்கு அந்தத் தடை கிடையாது.

அவன் ஒரு 109-ஐக் கவிழ்த்தான். ஆறு படி இறங்கி வேகம் 6-ஐத் தாண்டி, பின்வரிசை ஸ்பிட்ஃபயர் மேல் ஒரே சரம். நான் திரும்புவதற்குள் தாண்டிப் போய், அந்த வேகத்தைக் கொடுத்து மறுபடி மேகத்தின் பக்கம் ஏறிவிட்டான். "கீழ வா, திரும்பிச் சண்டை போடு" என்றேன். "நான் எதுக்கு மாமா கீழ வரணும்? நீங்கதானே மேல ஏறணும்?" என்று கேட்டான். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு உத்தி எழுதியே இல்லை. ஆண்டெனாக்கள் நின்ற உயரத்தைப் பார்த்து அவனே கண்டுபிடித்தது அது. 109 ஓட்டிய நிஜ விமானிகளும் அப்படித்தான் சண்டையிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்தில் ஒரு 109, பாய்ந்து அடித்துவிட்டு ஏறாமல், ஆசையில் இரண்டாம் முறை திரும்பியது. வேகம் 4-க்கு விழுந்தது, அப்புறம் 3. அங்கே ஸ்பிட்ஃபயர் 2 கட்டத்தில் திரும்பி உள்வட்டத்துக்குள் போய், இரண்டாம் கட்டத் தூரத்திலிருந்து சுட்டது. அவன் மட்டத்திலிருந்து குதித்து இறங்கி, மெர்லின் தடுமாறிய இடைவெளியில் தப்பினான். அத்தனை விதிகளும் ஒரே நிகழ்ச்சியில் வந்து சேர்ந்த அந்தக் கட்டத்தை நான் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆடிய பிறகு மாற்றியவை சில. வேகத்தைத் தாளில் எழுதுவதை விட்டு, அடித்தளத்தின் மூலையில் ஒரு பகடையை வைத்தேன். 6-ஐத் தாண்டும் பாய்ச்சலுக்குச் சிவப்புப் பகடை. இரண்டு விமானம் ஒரே கட்டத்தில் வந்தால் ஒரு தாங்கியைக் கட்டத்தின் விளிம்புக்குத் தள்ளி, அதன் இடத்தில் சிறு அம்பு அட்டை. சூரியனுக்கு மேசையின் ஒரு மூலையில் மேசைவிளக்கு. அந்தப் பக்கமிருந்து வருபவரைக் காண ஒரு பகடை குறைவு. 109-இன் எரிபொருள் பற்றாக்குறையை விதியாக்கச் சொல்லி ஒரு நண்பர் வற்புறுத்தினார். லண்டன் வரை போன நாட்களில் அது பெரிய பிரச்சினைதான். ஆனால் கால்வாய்க்கு நடுவில், 4 விநாடிச் சுற்றுகளில், அதற்கு வேலை இல்லை. சேர்க்கவில்லை.

இப்போது மேசையில் இரண்டு ஹைங்கல் 111 குண்டுவீச்சு விமானங்கள் வண்ணத்துக்காகக் காத்திருக்கின்றன. இறக்கை 22.6 மீட்டர், 1/200-ல் 11 செ.மீ.-க்கு மேல், எடையும் அதிகம். ஒற்றை ஆண்டெனா அதைத் தாங்காது. இரண்டை அருகருகே நிறுத்தி மேலே ஒரு குறுக்குத் தகட்டால் இணைத்துப் பார்க்கிறேன். வேகம் 4-ல் நேராகப் பறக்கும் விமானத்துக்குச் சாய்வு தேவையில்லை, பேரிங் குண்டுக்குப் பதில் தட்டைக் காந்தமே போதும் என்று நினைக்கிறேன்.